முள் நகரவில்லை, நர்ஸம்மா: ஜூஸ் விரதம் இடறும் இடங்களும் சரிசெய்யும் முறையும்

கோத்தகிரிப் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பணியில் இருந்தபோது தடுப்பூசிக்கும் பிரசவத்துக்கும் தேடி வந்தார்கள். இப்போது ஜூஸ் விரதத்துக்காக, அதாவது எடை குறையச் சோற்றை விட்டுச் சாறு மட்டும் குடிப்பதற்காக வருகிறார்கள். தை பிறந்தால் ஒரு கூட்டம், வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் இன்னொரு கூட்டம். கொண்டுவரும் பழுது ஏறக்குறைய ஒன்றுதான். மளமளவென்று இறங்கிய எடை நின்றுவிட்டது, அல்லது திரும்ப ஏறிவிட்டது, அல்லது நடுவில் தலை சுற்றிப் படுத்துவிட்டார்கள். அதே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைக்கிறேன். உங்கள் தொல்லை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். காசு செலவில்லாத சோதனையை முதலில் வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரி கடைசியில் வரும்.

ஜூஸ் விரதத்துக்கு நான் வக்கீல் இல்லை. மூன்று நாள் என்றால் பேசாமல் இருப்பேன். அதற்கு மேல் போவதானால் மருத்துவர் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், 18 வயது நிரம்பாதவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், இன்சுலின் போடுபவர்கள், முன்பு சாப்பாட்டுக்குப் பயந்து பட்டினி கிடந்து உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்கள் ஆகியோர் இந்தப் பக்கமே வர வேண்டாம். அவர்களுக்குக் கீழே சொல்லும் எதுவும் பொருந்தாது.

மூன்று நாள் இறங்கியது, நான்காம் நாள் முள் நின்றுவிட்டது

முதலில் எடை மெஷினைச் சந்தேகப்படுங்கள். நம் ஊர் வீடுகளில் சமதளமான தரை கிடைப்பது பெரிய விஷயம். பலகைத் தரையிலும் மிதியடி மேலும் வைத்த மெஷின் ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்லும். சிமெண்ட் தரையில் ஒரே இடத்தைக் குறித்து வையுங்கள். காலையில் கழிவறை போய்வந்த பின், எதுவும் குடிக்கும் முன் ஏறுங்கள். ஸ்வெட்டர், மஃப்ளர், சால்வை எல்லாம் கழற்றிவிட வேண்டும். குளிருக்குச் சாக்குச் சொல்லாதீர்கள். உடுப்பு மட்டும் ஒன்றரை கிலோ தேறும். உருளைக்கிழங்கு மண்டித் தராசில் பூட்ஸோடு ஏறி நின்றுவிட்டு, இரண்டு கிலோ கூடிவிட்டதாக என்னிடம் சண்டைக்கு வந்தவர் ஒருவர் உண்டு.

மெஷின் சரியாக இருந்தால் அடுத்து தண்ணீர்க் கணக்கு. ஈரலும் தசையும் சேர்ந்து 400 முதல் 500 கிராம் வரை மாவுச்சத்தைக் கிளைகோஜனாகச் சேமித்து வைத்திருக்கும். அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பாடு குறைந்ததும் இந்தச் சேமிப்பு கரைகிறது, பிடித்திருந்த தண்ணீரும் போய்விடுகிறது. முதல் மூன்று நாளில் இறங்கிய இரண்டு கிலோவில் பெரும்பகுதி இதுதான். நான்காம் நாள் எதுவும் பழுதாகவில்லை. தண்ணீர் வடிந்து முடிந்திருக்கிறது, அவ்வளவே. கொழுப்பு கரைவது இனிமேல்தான் மெஷினில் தெரியும். அது மெதுவாகத்தான் தெரியும்.

பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் உடம்பு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். மூன்று நாளாக மலம் கழியவில்லை என்றாலும் முள் நகராது. இந்த இரண்டும் இருந்தால் ஒரு வாரம் மெஷினை அலமாரிக்குள் வைத்துவிட்டு, நூல் நாடாவால் தொப்புளுக்கு நேரே இடுப்பை அளந்து எழுதுங்கள்.

இதற்கு மேலும் நிற்கிறது என்றால் தம்ளரைப் பாருங்கள். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது இங்கேதான். பக்கத்துத் தெருப் பெண் ஒருவர் ஏழு நாள் இருந்தார். முதல் மூன்று நாளில் இரண்டரை கிலோ இறங்கியது, பிறகு அசையவே இல்லை. “காரட் தண்ணிதானே குடிக்கிறேன், நர்ஸம்மா” என்றார். ஒரு நாள் முழுக்க அவர் குடித்ததை அளந்து எழுதினோம். அவர் வீட்டுத் தம்ளர் 250 மில்லி. திராட்சை இரண்டு தம்ளர், தம்ளருக்கு 150 கலோரி. காரட் இரண்டு, தம்ளருக்கு 95. ஆரஞ்சு ஒன்று, 110. ஆக 600. ஒவ்வொரு தம்ளரிலும் இரண்டு சிறு கரண்டித் தேன், அது 200. இரவில் “சத்துக்கு” ஐந்து பேரீச்சம்பழம் அடித்த பால், ஏறக்குறைய 220. நடுவே மூன்று டீ, அவற்றை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. இரண்டு கரண்டிச் சர்க்கரையும் கொஞ்சம் பாலும் போட்ட டீ ஒவ்வொன்றும் 75. எல்லாம் சேர்த்து 1,245.

வீட்டோடு இருக்கும், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்குத் தேவை 1,660 கலோரி என்று ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரை சொல்கிறது. ஆக அவருக்கு நாளொன்றுக்கு 415 கலோரிதான் குறைந்தது. ஒரு கிலோ கொழுப்பு கரைய 7,700 கலோரி அளவுக்குக் குறைய வேண்டும். 415 வீதம் போனால் 18 நாளுக்கு மேல் ஆகும். ஏழு நாளில் கரைந்தது 400 கிராம்கூட இல்லை. சோறு, குழம்பு, பொரியல் என்று அளவாகச் சாப்பிட்டு, அந்தப் பேரீச்சம்பழப் பாலையும் டீச் சர்க்கரையையும் விட்டிருந்தாலே இவ்வளவு குறைந்திருக்கும் என்றேன். கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை.

செய்ய வேண்டியது: உங்கள் தம்ளரை அளவுக் கோப்பையில் ஊற்றி எத்தனை மில்லி என்று பாருங்கள், நம் பித்தளைத் தம்ளர்கள் ஏமாற்றும். திராட்சை, மாதுளை, ஆப்பிள், ஆரஞ்சு சேர்த்து நாளுக்கு ஒரு தம்ளர் போதும். மற்றவை வெண்பூசணி, வெள்ளரி, தக்காளி என்று இருக்கட்டும். இவற்றில் ஒரு தம்ளர் 40 கலோரியை ஒட்டியே இருக்கும். காரட்டும் பீட்ரூட்டும் மண்ணுக்கு அடியில் விளைந்தாலும் சாறாகும்போது பழத்தோடு சேர்ந்தவை. அரை கிலோ காரட் கடித்துச் சாப்பிட யாருக்குத் தாடை வலிமை இருக்கிறது? பிழிந்தால் ஒரே மூச்சில் உள்ளே போய்விடுகிறது. வடிகட்டாமல் மிக்ஸியில் அடித்துக் குடித்தால் நார்ச்சத்தாவது மிஞ்சும்.

சிலர் எதிர்ப்பக்கம் போவார்கள். நாளுக்கு மூன்று தம்ளர் வெண்பூசணிச் சாறு மட்டும் குடித்தால் வேகமாக இளைக்கலாம் என்று. நாளுக்கு 800 கலோரிக்குக் கீழே போவது மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே செய்ய வேண்டியது. வீட்டில் செய்தால் கொழுப்போடு தசையும் போகும்.

எல்லாம் சரியாக அளந்தும் மூன்று வாரம் முள் அசையவில்லை, குளிர் தாங்கவில்லை, முடி கொட்டுகிறது, சோர்வாக இருக்கிறது என்றால் தைராய்டு பரிசோதனைக்குப் போங்கள். ஸ்டீராய்டு, சில மனநல மாத்திரைகள், சில சுகர் மாத்திரைகள் எடை கூட்டும். மாத்திரைச் சீட்டை எடுத்துப்போய்க் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஒரு விருந்துக்குப் போனேன், மறுநாள் ஒன்றரை கிலோ ஏறிவிட்டது

இதற்கு அழவே வேண்டாம். ஒன்றரை கிலோ கொழுப்பு ஒரே நாளில் சேர வேண்டுமானால், அன்றாடத் தேவைக்கு மேல் 11,500 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். எந்தப் பந்தியிலும் அது நடக்காது.

ஏறியது உப்பும் தண்ணீரும் சோறும். ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் பாட்டிலைப் பார்த்திருப்பீர்கள்: ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு. உடம்பும் ஏறக்குறைய அதே விகிதத்தில்தான் உப்பைக் கரைத்து வைத்திருக்கும். அப்பளம், ஊறுகாய், ரசம், சாம்பார் என்று நாலைந்து கிராம் உப்பு கூடுதலாகப் போனால் அரை லிட்டர் தண்ணீர் கூடவே தங்கிவிடும். கரைந்த கிளைகோஜன் திரும்பச் சேரும், அதுவும் தன் பங்குத் தண்ணீரைப் பிடிக்கும்.

மூன்று நாள் வழக்கம்போல இருங்கள். தண்டனையாக மறுநாள் பட்டினி கிடக்காதீர்கள்; அன்று இரவே கை வர்க்கி பிஸ்கட் டப்பாவுக்குள் இருக்கும். நான்காம் நாளும் எடை இறங்காமல், கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றால் அது விருந்து வீக்கம் அல்ல. மருத்துவரைப் பாருங்கள்.

முதல் நாளே தலைவலி, எரிச்சல், யாரைக் கண்டாலும் கோபம்

“நச்சு வெளியேறுகிறது” என்பார்கள். வெளியேறுவது டீ. நாளுக்கு ஆறு தம்ளர் குடித்துப் பழகிய மலைக்காரர் திடீரென்று நிறுத்தினால், ஒரு நாளுக்குள் கஃபீன் இல்லாத தலைவலி வரும். இரண்டாம் நாள் கடுமையாக இருக்கும், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தணிந்துவிடும். விரதத்துக்கு ஒரு வாரம் முன்பே நாளுக்கு ஒரு டீ வீதம் குறைத்து வாருங்கள். மறந்துவிட்டீர்களா? பால், சர்க்கரை இல்லாமல் அரைத் தம்ளர் கட்டன் டீ குடியுங்கள். விரதம் கெட்டுவிடாது, கெட்டால் அந்தப் பாவம் எனக்கு.

டீ பழக்கம் இல்லாதவருக்கும் தலை வலித்தால், சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். குளிரில் தாகம் எடுக்காது. எடுக்கவில்லை என்பதால் தண்ணீர் தேவையில்லை என்று ஆகாது. நிறம் கெட்டியாக இருந்தால் வெந்நீர் குடியுங்கள். இதுவரை வந்தே இராத கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலவீனம் இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 108.

தலைசுற்றல், கண் இருட்டல், கை நடுக்கம்

இந்தத் தலைப்பை மட்டுமாவது முழுக்கப் படியுங்கள். முதலில் உட்காருங்கள், பிறகு படியுங்கள். நம் ஊரில் படிக்கட்டு இல்லாத வீடு குறைவு; விழுந்தால் சாதாரணமாக விழ மாட்டோம்.

எழுந்து நிற்கும்போது மட்டும் இருட்டுகிறதா? அப்படியானால் தண்ணீரும் உப்பும் குறைந்திருக்கலாம். பி.பி. மெஷின் இருந்தால் படுத்தபடி ஒருமுறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறை பாருங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் இதுதான். ஒரு தம்ளர் காய்கறி வேகவைத்த தண்ணீரில் இரண்டு சிட்டிகை உப்பும் மிளகும் போட்டுக் குடியுங்கள். குளிருக்கும் இதம். ஆனால் நீங்கள் பி.பி. மாத்திரை, அதிலும் சிறுநீர் போக வைக்கும் மாத்திரை சாப்பிடுபவரானால் விரதத்தை அத்தோடு முடித்துக்கொண்டு மருத்துவரிடம் கேளுங்கள். சாப்பாடு குறைந்த உடம்புக்குப் பழைய அளவு மாத்திரை கூடுதலாகிவிடும்.

உட்கார்ந்திருக்கும்போதே நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, குழப்பம் என்றால் ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால், அல்லது பார்க்க மெஷின் இல்லையென்றால், மூன்று சிறு கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். தேறவில்லை என்றால் இன்னொரு முறை. தேறியதும் இரண்டு இட்லியாவது சாப்பிட வேண்டும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள்.

“ஜூஸில்தான் சர்க்கரை இருக்கிறதே, எனக்கு எப்படித் தாழும்?” என்று கேட்ட பெரியவர் கிளிமிப்பிரைடு என்ற சுகர் மாத்திரையைத் தவறாமல் விழுங்கிக்கொண்டிருந்தார். சாறு ஏற்றிய சர்க்கரை சீக்கிரம் இறங்கிவிடும். மாத்திரை நாள் முழுக்க வேலை செய்யும். அந்த மாத்திரையால் தாழ்ந்த சர்க்கரை, கொடுத்ததும் ஏறி, சில மணி நேரத்தில் மறுபடி தாழலாம். அதனால் நன்றாகிவிட்டது என்று தோன்றினாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கு வேறு ஆபத்து. பட்டினியின்போது ரத்தத்தில் அமிலம் ஏறிவிடக்கூடும்; சர்க்கரை அளவு பார்த்தால் பயப்படும்படி இருக்காது. வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு வந்தால் மெஷின் காட்டும் எண்ணை நம்பி வீட்டில் இருக்காதீர்கள்.

மயக்கம் போட்டு விழுந்தது, நெஞ்சுவலி, தாறுமாறான இதயத் துடிப்பு, மூச்சுத் திணறல், வலிப்பு இதற்கெல்லாம் 108. சமவெளியில் ஆம்புலன்ஸ் வரும் நேரத்தையும் இங்கே கொண்டை ஊசி வளைவுகளில் அது ஏறிவரும் நேரத்தையும் ஒன்றாக நினைக்காதீர்கள். பாதி சந்தேகம் வந்ததுமே அழைப்பது நம் ஊருக்கு ஏற்றது. விரத நாட்களில் வண்டி ஓட்ட வேண்டாம். விடியற்காலை நடையும் வேண்டாம். தேயிலைத் தோட்டத்து ஓரம் காட்டெருமை நிற்கும். தலை சுற்றுகிறவரால் அதற்கு வழிவிட்டு ஒதுங்கக்கூட முடியாது.

பசி தாங்கவில்லை, இரவில் எழுந்து எதையாவது தின்றுவிடுகிறேன்

மன உறுதியைக் குறை சொல்லாதீர்கள். சாற்றில் புரதம் சொற்பம், கொழுப்பு இல்லை, வடிகட்டினால் நாரும் இல்லை. பசி எடுக்காவிட்டால்தான் ஆச்சரியம். உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை. 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். ஐந்து தம்ளர் சாறு அதில் கால்பங்கைக்கூடத் தராது.

நான் செய்யச் சொல்வது, மதியம் ஒரு தம்ளர் சாற்றுக்குப் பதில் ஒரு கிண்ணம் தயிர் அல்லது கெட்டி மோர். இரவில் மசித்த அவரையோ பாசிப்பயறோ போட்ட சூப். இப்படிச் செய்தால் அது ஜூஸ் விரதமா என்று கேட்பார்கள். இல்லைதான். ஆனால் வர்க்கி தின்னாமல் தூங்கிய இரவு உங்கள் கணக்கில் வரும்.

திரும்பத் திரும்ப மறைவாக அளவுமீறித் தின்பது, பிறகு வாந்தி எடுப்பது, குற்ற உணர்வில் அடுத்த விரதம் வைப்பது என்று சுழற்சியாகிவிட்டால் விரதத்தை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வயிறு சரியில்லை

கழிச்சல் என்றால் எந்தப் பழம் என்று பாருங்கள். பிளம்ஸ், பேரிக்காய் வரும் மாதங்களில் இது வழக்கம். அவற்றில் உள்ள சார்பிட்டால் வயிற்றை இளக்கும். பழத்தை மாற்றினால் ஒரு நாளில் நின்றுவிடும். நிற்காமல் காய்ச்சலோ ரத்தமோ கலந்தால் கழுவாத கீரை, காய்ச்சாத தண்ணீர் என்று சந்தேகப்பட்டு மருத்துவரிடம் போங்கள், அதுவரை ஓ.ஆர்.எஸ்.

மலச்சிக்கல் என்றால் வடிகட்டியைத் தூக்கி வையுங்கள், வெந்நீரைக் கூட்டுங்கள்.

சுரைக்காய்ச் சாறு குடிப்பவர்கள் ஒரு துண்டை முதலில் நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் முழுக் காயையும் எறியுங்கள். தேன் விட்டு, எலுமிச்சை பிழிந்து மறைத்துக் குடிக்கவே கூடாது. கசந்த சுரைக்காய்ச் சாற்றால் நம் நாட்டில் உயிர் போயிருக்கிறது. அதன் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழுவே அமைத்து, கசந்தால் குடிக்காதீர்கள் என்று சொல்ல வைத்தது. குடித்தபின் வாந்தி, ரத்தக் கழிச்சல் வந்தால் கைவைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பசலைக்கீரையும் பீட்ரூட்டும் தினமும் பச்சையாக அடித்துக் குடிப்பதை நான் தடுப்பேன். சிறுநீரகக் கல்லாகப் படியும் ஆக்சலேட் நிறைந்தவை அவை, சிறுநீரகத்தைக் கெடுத்துவிடக்கூடும். ஏற்கெனவே கல் வந்தவர் தொடவே வேண்டாம்.

சிறுநீர் சிவப்பு, உள்ளங்கை மஞ்சள்

முந்தைய நாள் பீட்ரூட், நாலு வாரமாகக் காரட். நிறுத்தினால் முன்னது ஓரிரு நாளில் போகும், பின்னது மெதுவாகப் போகும். கண் வெள்ளையும் மஞ்சளாக இருந்தாலோ, பீட்ரூட் குடிக்காமலே சிறுநீர் சிவந்தாலோ பரிசோதனை.

விரதம் முடித்து ஒரு வாரத்தில் எல்லாம் திரும்பிவிட்டது

எவ்வளவு திரும்பியது? ஒன்று முதல் இரண்டு கிலோ என்றால் அது முதல் மூன்று நாளில் போன அதே தண்ணீர். போனபோது கொண்டாடாமல் இருந்திருந்தால் வந்தபோது துக்கமும் இருந்திருக்காது. அதனால்தான் விரதம் முடிந்த அன்றைய எடையோடு ஒப்பிடாதீர்கள் என்கிறேன். முடிந்து பத்தாம் நாள் காலை எடையை எழுதுங்கள். அதற்கும் தொடக்க எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் சம்பாதித்தது.

அதற்கு மேலும் ஏறுகிறது என்றால் முடித்த விதத்தைப் பாருங்கள். ஏழாம் நாள் மாலையில் பிரியாணியோடு முடித்தவர்களை எனக்குத் தெரியும். ஐந்து நாளுக்கு மேல் மிகக் குறைவாக உண்டவர் திடீரென்று வயிறு நிறையச் சோறும் இனிப்பும் சாப்பிடுவது எடைக் கணக்கைத் தாண்டிய ஆபத்து. ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் அளவுகள் சரிந்து இதயத் துடிப்பே தடுமாறலாம். முதல் இரண்டு நாள் வழக்கத்தில் பாதி. நீர்க்கஞ்சி, குழைந்த பருப்பு, தயிர் போதும். நமக்குக் களி பழக்கம் என்றாலும் அதை மூன்றாம் நாளுக்குத் தள்ளி வையுங்கள். சாப்பிடத் தொடங்கிய சில நாளில் கால் வீக்கம், படபடப்பு, கை கால் பலவீனம், குழப்பம் வந்தால் ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்: “இத்தனை நாள் சாப்பிடாமல் இருந்தேன்.” அதைச் சொன்னால்தான் சரியான ரத்தப் பரிசோதனையை எழுதுவார்கள்.

வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் இளைத்தவர்களுக்குப் பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பு கூடும். விரதம் முடிந்து சில வாரம் கழித்து, நெய்யும் எண்ணெயுமாகச் சாப்பிட்ட இரவில் வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டு, வலி முதுகுக்கும் வலது தோளுக்கும் ஓடினால் வாயுவென்று ஓமத் தண்ணீர் குடித்துக் காத்திருக்காதீர்கள். மறுநாளே வயிற்றுக்கு ஸ்கேன் எடுங்கள். காய்ச்சலோ மஞ்சளோ கூடவே வந்தால் விடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். அன்று இரவே புறப்படுங்கள்.